முன்னால் போகிறவன் குரல்

படத்தில் சத்தம் இல்லை. தெருவின் எதிர்ப்புறம் நிறுத்தியிருந்த காருக்குள் உட்கார்ந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்றை வேனிலிருந்து இறக்குகிறார்கள். செங்குத்தாகப் பிடித்தபடி நடைபாதை விளிம்பில் ஏறுகிறார்கள். குறுக்கே வந்த சைக்கிளுக்காக நின்று, ஒதுங்கி, மறுபடி நடக்கிறார்கள். சலூன் வாசல் படிகளில் ஏறிக் கதவுக்குள் மறைகிறார்கள். முன்முனையைப் பிடித்திருப்பவன் முப்பதைத் தாண்டியவன். பின்முனையைப் பிடித்திருப்பவருக்கு ஐம்பது இருக்கும். அவரிடம் தடுமாற்றம் இல்லை, தயக்கம் இல்லை. கண்ணாடி ஒருமுறைகூட ஆடவில்லை.

விசாரணை அறையின் சுவரில் படம் முடிந்து வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார்.

"இவராலதான் தானா ஒரு வேலையும் செய்ய முடியாதுன்னு மனு போட்டிருக்காங்க. இதப் பாத்த பிறகும் அத நம்பணும்னா, முதல்ல நாம எல்லாரும் தலைய ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கணும்."

அறையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவர் படத்தில் பின்முனையைப் பிடித்திருந்தவர்தான். பக்கத்தில் இருந்த மனைவியின் பக்கம் சாய்ந்து, "எப்படிப் பிடிச்சிருக்கேன் பாத்தியா? கொஞ்சமாவது ஆடுதா?" என்றார். அவள் மேசைக்கு அடியில் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அவருக்குத் தொழிலில் அரைநூல் என்று பேர். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நூல். அதிலும் பாதி கூடவோ குறையவோ இருந்தால் கண்ணாடியைத் திருப்பி அனுப்பிவிடுவார். கடை முதலாளிகள் கடுப்பில் வைத்த பேர் அது. அவரே பிறகு அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள ஆரம்பித்தார். படத்தில் முன்னால் போகிறவன் அவர் மனைவியின் தம்பி. பள்ளிக்கூடம் முடித்த கையோடு அவரிடம் வேலைக்குச் சேர்ந்த மச்சினன்.

விபத்து நடந்தது கட்டி முடியாத ஒரு ஆறுமாடிக் கட்டடத்தில். கீழ்த்தளத்துக் கண்ணாடிக் கதவைப் பொருத்திக்கொண்டிருந்தபோது மேலே சாரத்திலிருந்து இரும்புக் கவ்வி ஒன்று கழன்று விழுந்தது. ஒப்பந்தக்காரர் யாருக்கும் தலைக்கவசம் கொடுத்திருக்கவில்லை. அந்தத் தப்பை ஒப்பந்தக்காரரும் மறுக்கவில்லை, அவருக்குக் காப்பீடு கொடுத்த நிறுவனமும் மறுக்கவில்லை. மண்டை ஓடு உடைந்தது உண்மை, அது சேர்ந்துவிட்டதும் உண்மை, ஆகவே சேர்ந்த ஓட்டுக்கு என்ன உண்டோ அதை வாங்கிக்கொண்டு போங்கள் என்பது அவர்கள் கட்சி. வாழ்நாள் முழுக்கப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், அதற்குக் கொடுங்கள் என்பது இவர்கள் கட்சி. வழக்கு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நின்றது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அரைநூலிடம் ஒரு குறையும் தெரியாது. நிறுவனத்தின் டாக்டர் ஒரு மணி நேரம் அவரிடம் பேசினார். இன்று என்ன கிழமை என்று கேட்டதற்கு, "நீங்க டாக்டரு. உங்களுக்கே தெரியலன்னா நான் என்ன பண்றது?" என்றார். டாக்டர் சிரித்தே விட்டார். நோயாளி தெளிவாகவும் நகைச்சுவை உணர்வோடும் பதிலளித்தார் என்று எழுதிக் கொடுத்தார். உங்களுக்கு என்ன தொந்தரவு என்ற கேள்விக்கு, "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்" என்றார். அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

வீட்டில் வேறு மாதிரி. சட்டை போடச் சொன்னால் போடுவார். ஒரு கையை நுழைத்த பிறகு இன்னொரு கையை நுழைக்கச் சொல்ல வேண்டும். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். போதும் என்று சொல்கிறவரை சாப்பிடுவார். ஒருநாள் மச்சினன், "பல் தேய்ங்க மாமா" என்று சொல்லிவிட்டு வாசலில் வந்த ஒருவரோடு பேசப் போய்விட்டான். திரும்பி வந்தபோது வாஷ்பேசின் சிவப்பாக இருந்தது. நுரையும் ரத்தமும் வழிய அவனைப் பார்த்துச் சிரித்தார். "யாரு மாப்ள வந்தது?" என்று கேட்டார். கை நிற்கவில்லை.

அவருக்கு வைத்தியம் பார்த்த மூளை டாக்டர் இதை விளக்கியிருந்தார். "அவருக்கு எல்லாமே செய்யத் தெரியும். ஆரம்பிக்கறதும் நிறுத்தறதும்தான் போயிடுச்சு. தலையில முன்பக்கம் அடி. அந்த வேலைய இனிமே வெளிய இருந்து யாராவது செஞ்சு குடுக்கணும்." மச்சினனின் அக்கா அதைக் கேட்டுவிட்டு, "எத்தன நாளைக்கு டாக்டர்?" என்றாள். "எப்பவுமேம்மா" என்றார் அவர்.

அன்றிலிருந்து அந்த வேலை மச்சினனுடையது. அக்காவின் மருந்துக் கடை வேலையில்தான் வீட்டு வாடகை ஓடியது. அவள் காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவாள். மச்சினன் தன் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். அக்கா ஒன்றை ஐந்து தடவை சொன்னால் நகர்கிறவர், இவன் ஒரு தடவை சொன்னால் நகர்ந்தார். பழைய பழக்கம் மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது, அந்த இடம் தப்பித்திருக்கிறது என்றார் டாக்டர்.

அந்தப் பழக்கம் தொழிலில் வந்தது. பெரிய கண்ணாடியை இரண்டு பேர் தூக்கும்போது பின்முனையைப் பிடிக்கிறவன் வழியைப் பார்க்கக் கூடாது. அவன் கண் கண்ணாடியின் கீழ்விளிம்பிலேயே இருக்க வேண்டும். வழியைப் பார்ப்பது முன்னால் போகிறவன் வேலை. அவன் ஒவ்வொன்றையும் குரல் கொடுத்துச் சொல்வான்: படி, இறக்கம், வலம், தலை. பின்னால் இருப்பவன் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்பான். குரல் நின்றால் கால் நிற்க வேண்டும், அடுத்த குரல் வருகிறவரை அசையக் கூடாது. அனுபவசாலிதான் பின்னால் பிடிப்பார், ஏனென்றால் கண்ணாடி உடைவது பெரும்பாலும் பின்முனையில்தான். அரைநூல் எப்போதும் பின்னால்தான். மச்சினன் எப்போதும் முன்னால்தான்.

உட்கார்ந்தே கிடக்கிறவரை வெளியே கூட்டிப் போங்கள், பழகிய வேலை ஏதாவது கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மச்சினன் தெரிந்த ஒருவரிடம் வேனை இரவல் வாங்கிக்கொண்டு சின்னச் சின்ன வேலைகளுக்கு அவரைக் கூட்டிப்போனான். கண்ணாடியைத் தொட்டதும் மாமாவின் முதுகு நிமிர்வதைப் பார்க்க அவனுக்குப் பிடித்திருந்தது. அதை யாராவது காருக்குள்ளிருந்து படமெடுப்பார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?" என்றார் அரைநூல் தரப்பின் வக்கீலம்மா. விசாரணை முடிந்து எல்லோரும் தாழ்வாரத்துக்கு வந்திருந்தார்கள். அவர் குரல் உயரவில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும் ஆள் அவர்.

"டாக்டர் சொன்னாருன்னுதான் மேடம்..."

"டாக்டர் தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தச் சொல்லியிருப்பாரு. நீங்க தெருவுல கண்ணாடி தூக்கிட்டுப் போயிருக்கீங்க. சினிமா எடுக்கறவங்களுக்கே சௌகரியமா, நல்ல வெளிச்சத்துல."

"மேடம், படத்துல என் வாயப் பாத்தீங்களா? மூடவே இல்ல. ஒவ்வொரு அடியும் நான் சொல்லிச் சொல்லித்தான் அவரு நடந்தாரு. சத்தம் மட்டும் இருந்திருந்தா..."

வக்கீலம்மா அவனை ஏறிட்டுப் பார்த்தார். "அத நீங்க சாட்சிக் கூண்டுல சொல்லுங்க."

அடுத்த விசாரணையில் அவன் சொன்னான். ஒன்று விடாமல் சொன்னான். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"தம்பி, இந்தத் தொழில்ல முன்னால போறவரு குரல் குடுக்கறது வழக்கம்தானே?"

"ஆமாங்க."

"எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க?"

"ஆமாங்க."

"விபத்துக்கு முன்னாடியும் நீங்க குரல் குடுப்பீங்க, அவரு நடப்பாரு?"

"ஆமாங்க."

"இப்பவும் நீங்க குரல் குடுக்கறீங்க, அவரு நடக்கறாரு. அப்ப என்னதான் மாறிச்சு?"

மச்சினன் வாயைத் திறந்தான். சொல்ல ஆயிரம் இருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு அந்த இடத்தில் பதில் இல்லை என்பது அவனுக்கே தெரிந்தது. பின்வரிசையிலிருந்து அரைநூல், "சொல்லு மாப்ள, கேக்கறாரில்ல" என்று ஊக்கப்படுத்தினார்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். வயதான பெண்மணி. கேட்பதைவிடப் பார்ப்பதை நம்புகிறவர் என்று வக்கீலம்மா முன்பே சொல்லியிருந்தார். வக்கீலம்மா எழுந்து, இந்தக் கேள்விக்கு மனுதாரர் நேரிலேயே பதில் காட்டத் தயார், தீர்ப்பாயத்தின் பின்முற்றத்தில் அனுமதி வேண்டும் என்று கேட்டார். எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கவில்லை. படத்தில் பார்த்ததையே நீதிபதி நேரிலும் பார்க்கட்டும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். உடைந்தாலும் சிதறாத கண்ணாடியாக இருக்க வேண்டும், வேண்டியபோது இறக்கி வைக்க ரப்பர் கட்டைகள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை போட்டார்கள். நீதிபதி ஒரு வாரம் கழித்து நாள் குறித்தார்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா மச்சினனை ஜன்னலோரம் தனியாகக் கூப்பிட்டார். அக்காவும் கூடவே போனாள்.

"படிக்கட்டு இறங்கி முற்றத்துக்கு வர்ற வரைக்கும் வழக்கம்போல குரல் குடுங்க. சமதரைக்கு வந்த பிறகு நிறுத்திடுங்க."

"நிறுத்திட்டு?"

"அவ்வளவுதான். பேசாதீங்க. திரும்பிப் பாக்காதீங்க. வேற யாரா இருந்தாலும் என்னடா ஆச்சுன்னு கேப்பாங்க, கை வலிச்சா கீழ வைப்பாங்க. இவரு என்ன பண்றாருன்னு அவங்க பாக்கட்டும்."

"நிப்பாரு மேடம். நின்னுட்டே இருப்பாரு."

"அதத்தான் அவங்க பாக்கணும்."

மச்சினன் தலையை ஆட்டினான். முடியாது என்கிற ஆட்டல். "பின்னால ஆள வெச்சுக்கிட்டு வாய மூடறது... அது எங்க தொழில்ல கிடையாது. எதிரியே பின்முனையில இருந்தாலும் குரல் குடுப்போம்."

"வேற வழி இருந்தா சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்றார் வக்கீலம்மா. சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, அடுத்த வழக்குக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமுடியை அள்ளி முடிந்த அவசரத்தில் மருந்துக் கடைச் சீருடையின் காலர் ஒருபக்கம் மடங்கியிருந்தது. அரை நாள் விடுப்பில் வந்திருந்தாள்.

"நீயும் அதத்தான் சொல்றியாக்கா?"

"நான் ஒண்ணும் சொல்லலடா."

"சொல்லு. உன் புருஷன்தானே? கை நடுங்க நிக்க வெச்சு வேடிக்க காட்டுன்னு சொல்லு."

அவள் திரும்பினாள். "ரெண்டு வருஷமா உன் வீட்டுல அடுப்பு எரியறது உன் பொண்டாட்டியோட அப்பா குடுக்கறதுல. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? அவ ஒரு நாள் வந்து என் தம்பிய... இல்ல, அவ புருஷன... திருப்பிக் கேட்டா நான் என்னடா பதில் சொல்வேன்? நான் வேலைய விட்டா வாடகை இல்ல. விடலன்னா அவரு பக்கத்துல ஆள் இல்ல. அவரு சாயறப்ப எல்லாம் நீ பிடிச்சுக்கற. நான் சாஞ்சா யாரு?"

இவ்வளவு பேசியதற்காகவே வெட்கப்பட்டவள் போல முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ முடியாதுன்னா விட்டுடு. நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றாள். அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

அந்த வாரத்தில் ஒரு பிற்பகல் மச்சினன் மாமாவிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான். அரைநூல் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் செய்தித்தாள் முதல் பக்கத்திலேயே இருந்தது. பக்கத்தைத் திருப்பச் சொல்ல ஆள் இல்லை.

"மாமா, அடுத்த வாரம் கோர்ட்டுல நாம கண்ணாடி தூக்கப் போறோம்."

"என்ன கனம்?"

"பன்னெண்டு மில்லி. கதவு அளவு."

"தூக்கற வார் நல்லதா எடு. போன தடவ எடுத்தது நைஞ்சு போச்சு."

போன தடவை என்று அவர் சொன்னது எந்த வருடத்தை என்று அவனுக்குத் தெரியவில்லை. "மாமா, நடுவுல நான் குரல் குடுக்க மாட்டேன்."

"ஏன், தொண்ட கட்டிடுச்சா?"

"இல்ல. வேணும்னே. நீங்க என்ன பண்ணுவீங்க?"

அரைநூல் அவனைக் கண்டிப்போடு பார்த்தார். வேலை கற்றுக்கொடுத்த காலத்துப் பார்வை அது. "குரல் வரலன்னா நிக்கணும். இத்தன வருஷத்துக்கு அப்புறம் என்னப் போயி கேக்கற?"

"ரொம்ப நேரம் குடுக்கலன்னா?"

"நிப்பேன்."

"கை வலிச்சா?"

"வலிச்சா நீ இறக்குன்னு சொல்லப்போற."

"மாட்டேன் மாமா. அதத்தான் சொல்றேன். நான் சொல்ல மாட்டேன்."

அரைநூல் சிரித்தார். நல்ல நகைச்சுவை ஒன்றைக் கேட்டவர் போல உடம்பு குலுங்கச் சிரித்தார். "நீயாவது சொல்லாம இருக்கறதாவது! ஒரு தடவ உங்க அக்காகிட்ட சொல்லிப் பாரு, அவளே நம்ப மாட்டா." சிரிப்பு அடங்கிய பிறகும் முகம் அப்படியே மலர்ந்திருந்தது. மச்சினன் எழுந்து செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தான். "படிங்க மாமா" என்றான். அவர் படிக்க ஆரம்பித்தார்.

குறித்த நாளில் வானம் மூடியிருந்தது. தீர்ப்பாயத்தின் பின்பக்கம் ஒரு சின்னப் படிக்கட்டு. அதை இறங்கினால் கார்கள் நிறுத்தும் முற்றம். கார்களை அகற்றச் சொல்லியிருந்தார்கள். எண்ணெய்க் கறைகள் மட்டும் இருந்தன. முற்றத்தின் நடுவில் இரண்டு ரப்பர் கட்டைகளை எதிர்த்தரப்பு வக்கீலே சரிபார்த்து வைத்தார். நீதிபதிக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், அவர் உட்காரவில்லை. அவர் பக்கத்தில் குமாஸ்தா. கொஞ்சம் தள்ளி வக்கீலம்மா. சுவரோரம் அக்கா.

மச்சினன் தாழ்வாரத்தில் மாமாவுக்குக் கையுறையை மாட்டிவிட்டான். கண்ணாடிக்கு அடியில் வாரைக் கொடுத்தான். முன்முனைக்குப் போய், முதுகைக் காட்டி நின்று, "தூக்கு" என்றான்.

"ம்."

கண்ணாடி எழுந்தது. "நேர்." "ம்." "படி, இறக்கம்." "ம்." "இன்னொண்ணு." "ம்." படத்தில் பார்த்தது போலவே, ஒரு ஆட்டமும் இல்லாமல் இருவரும் படிக்கட்டில் இறங்கினார்கள். எதிர்த்தரப்பு வக்கீலின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "தரை." "ம்." "நேர்." "ம்." ரப்பர் கட்டைகளுக்குப் பக்கத்தில் வந்தபோது மச்சினன் நின்றான். வாயை மூடிக்கொண்டான்.

கண்ணாடியும் நின்றது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் யாரோ ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. மச்சினனுக்குப் பின்னால் இருப்பவர் தெரியவில்லை. எதிரில் நிற்கிற முகங்கள்தான் தெரிந்தன. அந்த முகங்களைப் பார்த்துத்தான் பின்னால் என்ன நடக்கிறது என்று அவன் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. குமாஸ்தா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நீதிபதி பார்வையை எடுக்கவில்லை. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

பிறகு கண்ணாடி அவனுக்குச் சொன்னது. முதலில் ஈ சிறகடிக்கிற அளவுக்கு ஒரு அதிர்வு. அவன் உள்ளங்கையில் அது நின்று நின்று வந்தது. பிறகு நிற்காமல் வந்தது. அந்தக் கனத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பது, தூக்கிக்கொண்டு நடப்பதைவிடக் கஷ்டம். அவன் கையே எரிந்தது. மாமாவின் கைக்கு இரண்டு வருடமாகச் சரியான வேலை இல்லை. இறக்கு என்கிற ஒரு சொல் அவன் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. வக்கீலம்மா அவனைப் பார்த்து மிக லேசாக, இல்லை என்று தலையசைத்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணாடியின் பின்முனைப் பக்கம் நடந்தார்.

"ஐயா, கை வலிக்குதா?"

"வலிக்குதுங்க." அரைநூலின் குரல் மரியாதையாக, இயல்பாக இருந்தது. மூச்சு மட்டும் வாங்கியது.

"அப்ப கீழ வைங்க. கட்ட பக்கத்துலயே இருக்கு பாருங்க."

"வைக்கலாம், வைக்கலாம்."

வைக்கவில்லை. அதிர்வு இப்போது தடதடப்பாக மாறியிருந்தது. கண்ணாடி மெல்லிய ஓசை எழுப்பியது.

"ஏன் வைக்க மாட்டேங்கறீங்க?"

"மாப்ள சொல்லுவான்."

"அவரு சொல்லலையே."

"சொல்லுவான்" என்றார் அரைநூல். கேட்கிறவருக்கு ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்.

அதன் பிறகு எவ்வளவு நேரம் என்று மச்சினனுக்குத் தெரியாது. அக்கா தரையிலிருந்து முகத்தை எடுத்துக் கணவரைப் பார்த்ததையும், பார்த்த உடனே வாயைப் பொத்திக்கொண்டதையும் பார்த்தான். நீதிபதி ஒரு அடி முன்னால் வந்து, "போதும், இறக்கச் சொல்லுங்க" என்று சொல்ல வாயெடுத்ததையும் பார்த்தான். அதற்குள் பின்முனையின் கனம் மாறியது. தடதடப்பு நின்றது. திரும்பிப் பார்த்தபோது எதிர்த்தரப்பு வக்கீல் கறுப்புக் கோட்டோடு குனிந்து, வெறுங்கையால் கண்ணாடியின் கீழ்விளிம்பைத் தாங்கிப் பிடித்திருந்தார். "விடுங்க ஐயா, நான் பிடிச்சுக்கிட்டேன், விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. அரைநூலின் விரல்கள் விடவில்லை. வக்கீலம்மாவும் குமாஸ்தாவும் ஓடிவந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்கள். கண்ணாடி கட்டையில் உட்கார்ந்தது.

மச்சினன் கடைசிவரை சொல்லவில்லை.

திரும்பிப் போகும்போது தீர்ப்பாயத்தின் வாசல் படிக்கட்டில், "படி மாமா" என்றான். அரைநூல் நின்றார். "மாமா, படி." அவர் அவனைப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. தெரியாத பாஷையில் யாரோ பேசியது போலப் பார்த்தார். களைத்துப் போயிருக்கிறார் என்று அக்கா சொன்னாள். கையைப் பிடித்து, "வாங்க, இறங்குங்க, வாங்க" என்று பலமுறை சொல்லி இறக்கினாள்.

மறுநாள் காலை பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்துக் கையில் கொடுத்து, "தேய்ங்க மாமா" என்றான். பிரஷ் கையிலேயே இருந்தது. பேஸ்ட் சரிந்து வாஷ்பேசினில் விழுந்தது.

"கோர்ட்டுல நடந்ததுக்குக் கோவமா மாமா?"

"எந்தக் கோர்ட்டு?"

"நேத்துதான் மாமா. கண்ணாடி தூக்கினோமே."

"தூக்கினோமா? உடையலயே?" என்று கவலையோடு கேட்டார்.

மச்சினன் நடந்ததைச் சொல்ல, மூளை டாக்டர் நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். நடந்தது அவருக்கு ஞாபகம் இருக்காது, ஆனால் ஞாபகம் இல்லாமலே உடம்பு சிலதைக் கற்றுக்கொள்ளும் என்றார். சூடு பட்ட விரல், எங்கே பட்டது என்று தெரியாமலே ஒதுங்கும் என்றார். "பழையபடி என் குரலுக்கு நடப்பாரா டாக்டர்?" என்று மச்சினன் கேட்டான். "தெரியலப்பா" என்றார். அந்த நேர்மை அவனுக்கு உதவவில்லை.

இறுதி வாதத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் தன் கட்சிக்காரருக்காகச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். படத்தை மட்டும் மறுபடி போட்டுக் காட்டவில்லை. தீர்ப்பு இவர்கள் பக்கம் வந்தது. வாழ்நாள் முழுக்க எப்போதும் துணை தேவைப்படுகிறவர் என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். அதற்கான செலவு நிறுவனத்தின் மேல் விழுந்தது. அக்கா அன்று கடையிலிருந்து போன் செய்தாள். அழுதாள், சிரித்தாள், எதிரில் வந்த யாருக்கோ மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், மறுபடி அழுதாள். "நீதான்டா" என்றாள். மச்சினன், "சரிக்கா, நீ வேலையப் பாரு" என்று வைத்துவிட்டான்.

துணைக்கு ஒரு ஆள் வந்தார். ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நரைத்த மீசை, அவசரமே இல்லாத மனிதர். ஆரம்பத்தில் அவர் பேச்சுக்கும் அரைநூல் நகரவில்லை. மச்சினன் சில நாட்கள் கூட இருந்து அவருக்குக் கற்றுக்கொடுத்தான். "இங்க படின்னு சொல்லணும், இறங்குங்கன்னு சொல்லாதீங்க, இறக்கம்னு சொல்லுங்க. சுருக்கமா சொல்லணும், நீட்டிப் பேசாதீங்க. அவரு ம் சொல்ற வரைக்கும் அடுத்தது சொல்லாதீங்க" என்றான். துணையாள் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "இது என்னங்க, கப்பல் ஓட்டற மாதிரி இருக்கு" என்றார். ஒரு மாதம் போனதும் அரைநூல் அவர் குரலுக்கு நடக்க ஆரம்பித்தார்.

மச்சினன் வேறொருவரோடு சேர்ந்து கண்ணாடி வேலைக்குத் திரும்பிவிட்டான். விடுமுறை நாட்களில் வருவான். அவனைப் பார்த்ததும் அரைநூலின் முகம் மலரும். "வா மாப்ள, எளைச்சுட்டியே, உன் மாமனார் சோறு போடறத நிறுத்திட்டாரா?" என்பார். இருவரும் பேசிச் சிரிப்பார்கள். அவன் எதையாவது செய்யச் சொன்னால் மட்டும் அவர் உட்கார்ந்தபடியே இருப்பார்.

ஒரு நாள் மாலை மூவரும் நடக்கக் கிளம்பினார்கள். வாசலில் மூன்று படி இறங்கி கேட்டுக்குப் போக வேண்டும். துணையாள் மச்சினனின் தோளைத் தொட்டு, சங்கடத்தோடு, "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கொஞ்சம் முன்னால போயிடுங்க. நீங்க பக்கத்துல இருந்து பேசினா அவரு குழம்பறாரு" என்றார்.

மச்சினன் தலையாட்டிவிட்டு முன்னால் போனான். கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் துணையாளின் நிதானமான குரல் கேட்டது. "படி, இறக்கம்." மாமா, "ம்" என்றார். இரண்டாவது படியில் யாரோ கழற்றிப் போட்ட செருப்பு ஒன்று குறுக்கே கிடந்தது. துணையாள் அதைப் பார்த்துவிட்டாரா என்று தெரியவில்லை. மச்சினன் குரல் கொடுக்கப் பார்த்தான். பேசினால் அவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். ஓடிப்போய்க் குனிந்து, செருப்பை எடுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பி கேட்டுக்கு வந்தான்.